ஞாயிறு நாலு மணி மேசை

“மாமா, உந்தச் சீட்டை எறியுங்கோ.”

“ஏன் எறியவேணும்?”

“ஏழும் இரண்டும் வந்திருக்கு. போக்கரிலை இதைவிடக் கூடாத கை இல்லை. யோசிக்காமல் எறியவேணும்.”

“கூடாததோ நல்லதோ, எனக்கு வந்தது தம்பி. கைக்கு வந்ததை விட்டு எனக்குப் பழக்கமில்லை.”

“அப்ப தோக்கப்போறியள்.”

“தோத்தால் நான்தானே தோக்கிறன்? நீர் உம்மடை போனைப் பாரும்.”

மாசி மாதத்து ஒரு ஞாயிறு பின்னேரம் என் அப்பாவும் என் கணவரும் கதைத்தது இது. இணுவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில், மேசைக்கு இந்தப் பக்கம் கீர்த்திகன், சுவரோரக் கதிரையில் அப்பா. ஆளுக்கொரு கைத்தொலைபேசி. நான் குசினி வாசலில் இருந்து முருங்கைக்காய் முறித்துக்கொண்டு அதைக் கேட்டேன். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

கீர்த்திகன் விடவில்லை. “எல்லாத்தையும் எறியச் சொல்லேல்லை மாமா. எறிஞ்சுகொண்டே இருக்கவும் ஏலாது. சீட்டுப் பாக்க முந்தியே ஒவ்வொரு கைக்கும் கொஞ்சப் புள்ளி வைக்கவேணும். சும்மா எறிஞ்சுகொண்டிருந்தால் அந்த முன்புள்ளியே எங்களைத் தின்னு முடிச்சிடும். எப்ப எறியிறது, எப்ப நிக்கிறது. அது தெரிஞ்சால் காணும்.”

“முப்பத்தொரு வருசம் பஸ் ஸ்ராண்டிலை ரைம் கீப்பரா இருந்தவன் நான். நான் விசில் ஊதாமல் ஒரு பஸ் வெளிக்கிட்டதில்லை. எப்ப விடுறதெண்டு நீர் எனக்குப் படிப்பிக்கிறீரோ?”

சொல்லிவிட்டு அப்பா கீர்த்திகனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு விரல் மொளியால் மேசையில் இரண்டு தரம் தட்டினார்.

டொக். டொக்.

அந்தத் தட்டின் பொருள் எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மா இறந்தபின் அப்பா முந்நூற்று நாலு என்ற சீட்டு விளையாடப் போகும் இடமெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்து அவருடைய சீட்டையும் விரலையும் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். நல்ல கை வந்தால் ஒரு தட்டு. ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு மற்றவரை வெருட்டப் போகிறார் என்றால் இரண்டு தட்டு.

போனுக்குள் இருந்த அந்த மேசை கீர்த்திகனின் பள்ளிக்கூடச் சிநேகிதர்களுடையது. லெனாட் பிரான்சில், பரிஸ் நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. நிருஷன் லண்டனில். ஞாயிறுதோறும் எங்கள் நேரம் நாலு மணிக்குப் போனிலே கூடுவார்கள். காசில்லை, புள்ளி மட்டும். மிஞ்சிய புள்ளி அடுத்த ஞாயிறுக்கும் தொடரும். விளையாட்டைவிட நக்கல்தான் கூட. மாமனாரின் மனதைப் பிடிப்பதற்காகக் கீர்த்திகன் அவருக்கும் ஒரு போன் வாங்கிக் கொடுத்து, ‘மாமா’ என்ற பெயரில் ஒரு கதிரையும் போட்டுக் கொடுத்தார்.

மாமனாரின் மனதோ பிடிபடவில்லை. எங்கள் கலியாணத்துக்கு ஓம் என்று சொல்ல அப்பாவுக்கு எட்டு வருடம் பிடித்தது. சீதனமாக இந்த வீட்டைத் தந்தார். வீட்டுக்குள் தன்னையும் வைத்துக்கொண்டே தந்தார். “என்ரை பிள்ளை என்ரை கண்ணுக்கு முன்னாலை இருக்கவேணும்” என்றார். கீர்த்திகன் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வுகூட உதவியாளர். அங்கே பலாலி வீதிக்குப் பக்கத்தில் இரண்டு அறை உள்ள ஒரு வாடகை வீடு கிடைத்தது. அதன் கதவுத் திறப்பை நான் தையல் மெசின் லாச்சிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அப்பாவிடம் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான். எங்களைத் தனியே போக விடுங்கோ. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாலு மாதமாக வரவில்லை.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் தேத்தண்ணியோடு அவருக்கு முன்னால் போய் நின்றேன். திறப்பு என் உள்ளங்கையில் இருந்தது.

“அப்பா, ஒரு விசயம் கேக்கவேணும்.”

“பொறு பிள்ளை. கை ஓடுது.”

அப்பா போனில் யாரோ முகம் தெரியாதவர்களோடு விளையாடிக்கொண்டிருந்தார். மேசையில் இரண்டு தரம் தட்டினார். நான் பொறுத்தேன். அவருடைய தலை மெல்ல ஒரு பக்கம் சரிந்தது. போனில், அவருடைய முறைக்கான பச்சை வளையம் சிறுத்துச் சிறுத்துச் சிவப்பாகி முடிந்தது. மேலதிக நேரம் கேட்கும் பொத்தானை அவர் அமத்தவில்லை. நேரம் போனதால் போன் தானாகவே அவருடைய சீட்டை எறிந்தது.

அப்பாவின் சீவியத்தில் அவருடைய கை எறியப்பட்டது அந்த ஒரு தரம்தான். அதையும் அவர் எறியவில்லை.

*

ரொறன்ரோவிலிருந்து அண்ணை சுபாங்கன் வந்து சேரத் திங்கட்கிழமை ஆகும் என்றார்கள். அதுவரை அப்பாவை எம்பாம் பண்ணிப் பெட்டிக்குள் விறாந்தையில் வைத்திருந்தோம். ஓடிக்கொலோனைத் தெளித்துத் தெளித்து வீடே அந்த வாசமாகிவிட்டது. அதற்கு அடியில் மருந்தின் நெடி. வெளியே பந்தலுக்குள் வழக்கம்போல நாலைந்து கூட்டமாக ஆண்கள் முந்நூற்று நாலு விளையாடினார்கள். செத்தவீட்டில் சீட்டு விளையாடித்தான் ஆட்கள் முழிப்பிருப்பார்கள். யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை.

ஞாயிறு நாலு மணிக்குக் கீர்த்திகனின் போன் அடித்தது. விறாந்தை மூலைக்குப் போய் மெதுவாகக் கதைத்தார். நான் பெட்டியின் தலைமாட்டில் இருந்தேன். லெனாட்டின் பெரிய குரல் எனக்கும் கேட்டது.

“மச்சான், மாமா இல்லாமல் மேசை வெறிச்செண்டு கிடக்கு.”

“டேய், செத்தவீடடா. வாற கிழமை பாப்பம்.”

“செத்தவீட்டிலைதானே சீட்டு விளையாடுறது? உங்கை பந்தலுக்கை விளையாடுறாங்கள் எல்லே? பரிசிலை இருந்துகொண்டு நான் வேறை எப்பிடி மனிசனுக்கு முழிப்பிருக்கிறது? அவருக்கும் ஒரு கை போடு. கடைசிக் கை.”

“வேண்டாமடா” என்றான் நிருஷன். “அவரை விடுங்கோ.”

“உனக்கு எப்பவும் பயம். மாமா இருந்தால் முதல் ஆளா வந்து குந்தியிருப்பார்.”

கீர்த்திகன் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பாவுக்குச் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

கீர்த்திகன் அலுமாரிக்கு மேலிருந்த அப்பாவின் போனை எடுத்துத் திறந்து, பெட்டியின் கால்மாட்டில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்தார். மேசையில் ‘மாமா’ என்ற கதிரை பச்சையாகியது. சீட்டு விழுந்தது.

நிருஷன் எறிந்தான். கீர்த்திகன் எறிந்தார். அப்பாவின் வளையம் ஓடத் தொடங்கியது. அது முடிய, சீட்டைப் போன் எறிந்துவிடும். எல்லாரும் சிரித்துவிட்டு எழும்புவார்கள். அதுதான் அவர்கள் நினைத்தது.

வளையம் சிவப்பாகி முடியப்போகிற நேரத்தில் அப்பாவின் கை நின்றது. எறியவில்லை. புள்ளியைக் கூட்டி வைத்திருந்தது.

“கீர்த்தி, நீதானே அமத்துறாய்?” என்று சிரித்தான் லெனாட்.

“சத்தியமா இல்லை மச்சான்.”

கீர்த்திகனின் இரண்டு கைகளும் அவருடைய போனில் இருந்தன. முக்காலிக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அப்போது எனக்குக் கேட்டது.

டொக். டொக்.

மேசையிலிருந்து இல்லை. பெட்டிக்குள் இருந்து.

“மாமாவிட்டை ஒண்டும் இல்லை. நான் முழுக்கத் தள்ளுறன், பாப்பம்” என்றான் லெனாட். தள்ளினான். ‘மாமா’வும் விடவில்லை; சீட்டுகள் திரும்பின. அப்பாவிடம் ஏழும் இரண்டும். எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விழுந்த ஐந்து சீட்டில் இரண்டு ஏழு. எல்லாமாக அப்பாவுக்கு மூன்று ஏழு.

லெனாட்டிடம் இருந்த அத்தனை புள்ளியும் ‘மாமா’வின் பக்கம் போய்ச் சேர்ந்தது.

திங்கள் தகனம் முடிந்து வந்தபோது நிருஷன் போன் எடுத்துச் சொன்னான். முதல்நாள் இரவு கடையில் கொதித்த எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்ததாம். லெனாட்டின் வேறு எந்த இடத்திலும் ஒரு துளி படவில்லை. வலது கை மட்டும், மணிக்கட்டு வரை. புள்ளியைத் தள்ளிய கை.

*

அப்பாவின் போனை நிறுத்தி அலுமாரிக்குள் பூட்டினோம். அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு மேசையில் ‘மாமா’ என்ற கதிரை பச்சையாக இருந்தது.

அப்பா விரும்பி அனுப்பும் ஒரு படம் உண்டு. ஓடுகிற மணிக்கூடு, ‘கெதியாகட்டும்’ என்று அதன் அர்த்தம். யாராவது யோசித்தால் உடனே அதைத்தான் அனுப்புவார். அன்றைக்கு அந்த மணிக்கூடு வந்தது. ஒன்று. பிறகு இன்னொன்று. பிறகு விடாமல்.

“நான் எழும்புறன் மச்சான்” என்றான் நிருஷன். “என்ரை புள்ளியெல்லாத்தையும் அவரே வைச்சிருக்கட்டும். என்னோடை கோவிக்காதை.”

அவன் எழும்பினான். அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அப்பாவுக்கு நிருஷன் தேவைப்படவில்லை.

மேசையில் இருவர்தான் மிச்சம்.

கீர்த்திகனும் எழும்பப் பார்த்தார். எழும்பும் பொத்தானை அமத்த அமத்தக் கதிரை அவரை விடவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார். “பயப்பிடாதையும் கலா. லெனாட் எதிர்த்து நிண்டவன், அதுதான் அடி விழுந்தது. நான் நிக்கமாட்டன். எல்லாத்தையும் எறிவன். எறியிறவனை ஒண்டும் செய்யேலாது.”

நாற்பது கை எறிந்தார். ராசா வந்தது, எறிந்தார். எல்லாவற்றிலும் பெரிய சீட்டான ஆசு இரண்டு வந்தது, அதையும் எறிந்தார். ஒவ்வொரு கைக்கும் முன்புள்ளி மட்டும் துளித்துளியாக அந்தப் பக்கம் போனது. ஐந்து மணிக்குக் கதிரையின் பச்சை அணைந்தது.

மறுநாள் காலை கிணற்றடியில் குளிக்கும்போது கீர்த்திகனின் கலியாண மோதிரம், ஒரே இரவில் மெலிந்துபோன விரலிலிருந்து தானாகக் கழன்று விழுந்தது.

அதற்கடுத்த ஞாயிறு வருமுன் கீர்த்திகனின் போனை இணுவிலிலேயே விட்டுவிட்டுத் திருநெல்வேலி வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்தோம். சனிக்கிழமையே போனோம். வெறும் வீடு, ஒரு பாய், ஒரு கேத்தில். எங்களுடைய முதல் வீடு. அன்றிரவு அவர் என்னுடைய தலைமயிரைக் கோதிக்கொண்டே, எந்த மூலையில் எதை வைக்கலாம் என்று கணக்குப் போட்டார். பழையபடி சிரித்தார்.

ஞாயிறு நாலு மணிக்குத் தேத்தண்ணிப் பேணியோடு நின்றவர் நின்ற நிலையில் விழுந்தார்.

யன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. வெளியே பலாலி வீதியில் பஸ் போய்க்கொண்டிருந்தது. அந்த வெறும் அறைக்குள் ஓடிக்கொலோன் மணத்தது.

நிருஷன் லண்டனிலிருந்து மேசையைப் பார்த்துச் சொன்னான். கதிரையில் ஆள் இல்லாவிட்டாலும் கீர்த்திகனின் முன்புள்ளி போய்க்கொண்டே இருந்ததாம். இருமடங்கு வேகத்தில்.

வைத்தியர் இரத்தம் பார்த்தார், நெஞ்சைப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். “நல்லாச் சாப்பிடக் குடுங்கோ” என்றார். இணுவிலுக்குத் திரும்பி வந்தோம். சுவரோரக் கதிரை மேசையிலிருந்து கொஞ்சம் பின்னுக்கு இழுபட்டிருந்தது. ஒருவர் வசதியாக இருப்பதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு.

*

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி. அண்ணை கிரியை செய்து, சாம்பலைக் கடலில் கரைத்தார். கீர்த்திகன் என் தோளில் சாய்ந்தபடி வந்து, மடியிலிருந்து அப்பாவின் போனை எடுத்து அலைக்கு அப்பால் எறிந்தார். கை ஓய்ந்துபோயிருந்ததால் அது அதிக தூரம் போகவில்லை. ஆனாலும் தாழ்ந்தது, நான் கண்ணால் கண்டேன்.

“என்ன கீர்த்தி, அப்பான்ரை போனையே எறியிறீர்?” என்றார் அண்ணை.

“ஓம் அண்ணை. அவருக்கு அங்கை தேவைப்படும்.”

அண்ணை சிரித்தார். அவருக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டார். அன்று பின்னேரமே விமானம் ஏற அவர் கொழும்புக்கு வெளிக்கிடவேண்டும். எங்களை இறக்கிவிட வரும் வழியில் மருதனார்மடத்து ஆஞ்சநேயர் கோயிலடியில் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைத்தோம். தேங்காய் நேர் பாதியாக உடைந்தது. எனக்கு மனம் கொஞ்சம் இலேசாகியது.

வீட்டைத் திறந்தேன்.

விறாந்தை மேசை நனைந்திருந்தது. சுவரோரக் கதிரைக்கு நேரே, ஒரு போன் அளவுக்கு, நீளச் சதுரமாக. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

அந்த ஈரத்துக்கு நடுவில் திருநெல்வேலி வீட்டுத் திறப்பு இருந்தது. தையல் மெசின் லாச்சிக்குள் நான் மறுபடியும் பூட்டி வைத்த திறப்பு. அது நடுவில் மடித்து வளைக்கப்பட்டிருந்தது.

எந்தக் கதவையும் இனி அதனால் திறக்கமுடியாது.

அன்று முழுவதும் அந்தத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். நானும் விளையாடியவள்தான் என்று அப்போதுதான் விளங்கியது. கொழும்பில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அப்பா முகத்தைப் பார்த்தேன், எறிந்தேன். கீர்த்திகனை எட்டு வருடம் காக்க வைத்தேன். கலியாணத்துக்குப் பிறகு எங்களுக்கென்று ஒரு வீடு, ஒரு கதவு. நாவின் நுனிவரை கொண்டுவந்து எறிந்தேன். இந்த வீட்டில் முதலில் எறியப் பழகியவள் நான். ஒவ்வொரு தரமும் எறிந்துவிட்டுத் தப்பினேன் என்று நினைத்தேன். முன்புள்ளி என்னையும்தான் தின்றுகொண்டிருந்தது.

*

மறுநாள் ஞாயிறு.

மூன்றரைக்கே மின்சாரம் போய்விட்டது. காற்றாடி நின்றது. வெளியே வெயிலில் கண் கூசியது. ஒரு காகம்கூடக் கத்தவில்லை. கீர்த்திகனைக் கட்டிலிலிருந்து தாங்கிக் கொண்டுவந்து மேசையில் இருத்தினேன். தலையணை வைத்துத்தான் இருந்தார். என் கையில் அவர் பாரமாகவே இல்லை.

நாலு மணி.

கீர்த்திகனின் போன் திரை தானாக வெளித்தது. ‘மாமா’ பச்சையாகியது.

ஓடிக்கொலோன். பிறகு, அதற்கு அடியில் இருந்த மற்ற நெடி.

“எத்தினை கைக்குப் புள்ளி மிச்சம்?” என்று கேட்டேன்.

“மூண்டு. மூண்டாவதோடை முடியும்.”

முதல் கை. எறிந்தார். அவருடைய உதடு வெளுத்தது.

இரண்டாம் கை. எறிந்தார். மூச்சு இழுத்தது. அந்தப் பக்கத்திலிருந்து மணிக்கூடு வந்தது. கெதியாகட்டும். கெதியாகட்டும்.

“இனி நிக்கவேணும் கலா” என்று மெல்லச் சொன்னார். “ஆனா கை எழும்புதில்லை.”

“நான் அமத்துறன்.”

“வேண்டாம். லெனாட்டின்ரை கையை நினைச்சுப் பாரும்.”

“நினைச்சுத்தான் சொல்லுறன்.”

“எங்களிட்டை இருக்கிறது அவருக்குத் தூசு. நாங்கள் முழுக்கத் தள்ளினாலும் அவருக்கு எறியவேண்டிய தேவை இல்லை. ஒருக்காலும் எறியமாட்டார். உமக்குத் தெரியுந்தானே.”

எனக்குத் தெரியும். அவரைவிட நன்றாகத் தெரியும். அந்த வியாழக்கிழமை அவருடைய கையை ஒரு இயந்திரம் பறித்து எறிந்தது. அவர் இன்னும் அந்தக் கையில்தான் இருக்கிறார். தன்ரை கையாலேயே எறியும்வரை அவர் அந்தக் கதிரையை விட்டு எழும்பப்போவதில்லை. எங்களையும் எழும்ப விடப்போவதில்லை.

போனை என் பக்கம் இழுத்தேன். மூன்றாம் கை விழுந்தது.

ஏழும் இரண்டும்.

கீர்த்திகன் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார்.

நான் சீட்டைப் பார்ப்பதை விட்டேன். எதிரே சுவரோரக் கதிரையைப் பார்த்தேன். வெறும் கதிரை. முதுகுப்பக்கத்தில் அப்பாவின் தலை எண்ணெய் படிந்த கறை. நான் போனோடு எழும்பிப் போய், சுவருக்கும் கதிரைக்கும் நடுவில் நுழைந்து, சின்ன வயதில் இருந்ததுபோல, அந்தக் கதிரைக்குப் பின்னால் நின்றேன். அங்கே குளிர்ந்தது. அந்த வெயிலில், அந்த ஒரு முழ இடத்தில் மட்டும் கைமயிர் சிலிர்க்கும் குளிர்.

காத்திருந்தேன்.

டொக்.

ஒரு தட்டென்றால் நல்ல கை.

டொக்.

மேசைப் பலகை அதிர்ந்ததை நிலத்தின் வழியே என் காலில் உணர்ந்தேன். இரண்டு தட்டு. அவரிடமும் ஒன்றுமில்லை. அவர் வெருட்டுகிறார். என் வாழ்நாள் முழுவதும் வெருட்டியதுபோல.

எங்களிடம் இருந்த அத்தனையையும் வலது கையால் தள்ளினேன்.

உள்ளங்கை சுட்டது. எடுக்கவில்லை.

அந்தப் பக்கம் பச்சை வளையம் ஓடத் தொடங்கியது.

கதிரைக்குள் இருந்து மூச்சு வந்தது. நீளமாக, ஈரமாக. கீர்த்திகனின் தலை மெல்ல ஒரு பக்கம் சரிந்தது. அப்பாவின் தலை சரிந்த அதே பக்கம்.

“கலா...”

வளையம் பாதியாகியது. மஞ்சளாகியது.

அந்த வியாழக்கிழமை சொல்லாமல் விழுங்கியது என் தொண்டைக்குள் இருந்தது. பொறு பிள்ளை, கை ஓடுது. இல்லை அப்பா. இனிப் பொறுக்க ஏலாது. இந்தக் கையை நான் எறியப்போவதில்லை.

வளையம் சிவப்பாகியது.

வளைந்த திறப்பை அவருக்கு முன்னால் மேசையில் வைத்தேன். அந்த வெறும் கதிரையின் காதடியில் குனிந்தேன். குளிர் என் கன்னத்தில் பட்டது.

“அப்பா” என்றேன். “எறியுங்கோ. எங்களைப் போக விடுங்கோ.”

சிவப்பு வளையம் ஒரு புள்ளியாகி அணைந்தது.

பிறகு, ‘மாமா: மேலதிக நேரம் எடுக்கப்பட்டது’ என்று காட்டிவிட்டு, முதலிலிருந்து பச்சையாக ஓடத் தொடங்கியது.